ஒரே வரியில் வந்து போனவர்கள்



தொடக்கத் திருச்சபையில் இருந்தும் அதிகம் பேசப்படாத மனிதர்களைப் பற்றி எழுதப்பட்ட புனைகதைகள்தான் இன்றைய பொருள். பேதுருவுக்கும் பவுலுக்கும் நூல்கள் குறைவில்லாமல் உண்டு. அவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஒரே ஒரு வரியில் தலைகாட்டிவிட்டு மறைகிறார்கள். சிலருக்கு அந்த வரியிலும் பெயர் கிடையாது. அப்படிப்பட்ட ஒருவரை எடுத்துக் கதை எழுதுகிறவர் எதற்குக் கட்டுப்பட்டவர்? பல ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடுதான் நான் இந்த நாவல்களைப் படித்துவருகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிடைத்திருக்கும் அந்த ஒரு வரிக்கு எழுத்தாளர் முழுக்கக் கட்டுப்பட்டவர். அந்த வரி சொல்லாமல் விட்ட இடத்தில் அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அந்த மனிதரை அவர் இருந்த நிலையிலிருந்து தூக்கி வேறு நிலையில் வைக்கும் உரிமை மட்டும் கிடையாது.

இந்த வகை எழுத்தின் முன்னோடிகளில் ஒருவர், எழுதியதற்காகவே பதவி இழந்தவர். கி.பி. 200-ஐ ஒட்டி வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த தெர்த்துல்லியன், திருமுழுக்கைப் பற்றிய தம் நூலில் இதைப் பதிவுசெய்கிறார். ஆசியா மாகாணத்தில் ஒரு குரு, பவுலின் பெயரைத் தாங்கிய ஒரு நூலை இயற்றினார். விசாரித்தபோது, பவுல்மேல் கொண்ட அன்பினால்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டார். பதவியை விட்டு விலக நேர்ந்தது. அந்த நூல்தான் பவுல், தெக்லா ஆகியோரின் பணிகள் என்ற கதை. தெர்த்துல்லியனுக்கு அதன்மேல் ஏன் கோபம் என்றால், போதிக்கவும் திருமுழுக்குக் கொடுக்கவும் எங்களுக்கும் உரிமை உண்டு என்ற பெண்கள் தெக்லாவைச் சான்றாகக் காட்டினார்கள்.

அந்தக் குருவின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. அவருடைய கைத்திறன் வந்து சேர்ந்திருக்கிறது. பவுலின் பெயரால் வழங்கும் கடிதங்களில் வரும் ஒநேசிப்போரு, தேமா, எர்மொகெனே ஆகிய பெயர்களை எடுத்துக்கொண்டார். முதலாமவர் பவுலுக்கு ஆறுதலாக இருந்தவர். மற்ற இருவரும் அவரைக் கைவிட்டவர்கள் என்று கடிதம் சொல்கிறது. கதையிலும் ஒநேசிப்போருவின் வீடுதான் பவுலுக்குத் திறக்கிறது. மற்ற இருவரும் கூடவே வந்து துரோகம் செய்கிறார்கள். எதிர்வீட்டுச் சன்னலில் தெக்லா உட்கார்ந்திருக்கிறாள். மூன்று பகல், மூன்று இரவு அசையாமல் அந்தப் பேச்சைக் கேட்கிறாள். பவுலைச் சிறையில் அடைத்த இரவில், கைவளையலைக் கழற்றி வாயில்காப்பவனிடம் கொடுத்து வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். வெள்ளிக் கண்ணாடியைச் சிறைக்காவலனிடம் கொடுத்து உள்ளே போகிறாள். மணப்பெண்ணுக்குரிய இரண்டு பொருள்கள் இரண்டு கதவுகளைத் திறக்கின்றன. நிச்சயிக்கப்பட்ட திருமணத்தை அவள் எப்படி விட்டாள் என்பதற்கு அதற்குமேல் விளக்கம் எதுவும் அந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை.

கதையின் பிற்பகுதியில் திரிபேனா என்ற அரசி வருகிறாள். மகளைச் சாகக் கொடுத்தவள். விலங்குகளுக்கு இரையாக விதிக்கப்பட்ட தெக்லாவை மகளாக ஏற்று வீட்டில் வைத்துக்கொள்கிறாள். அந்தோனியா திரிபேனா என்ற அரசி உண்மையிலேயே அந்தக் காலத்தில் வாழ்ந்தவள். வரலாற்றில் ஒரு கால், கற்பனையில் ஒரு கால் என்று நிற்பது அந்தக் குருவுக்கு இயல்பாகவே கைவந்திருக்கிறது. அவர் செய்த தவறு கதை எழுதியதன்று. கதையைக் கதை என்று சொல்லாமல், பவுலின் அதிகாரத்தை அதற்கு முத்திரையாக வைத்ததுதான் தவறு. இன்றைய நாவலாசிரியருக்கு அந்த இடர் இல்லை. அட்டையிலேயே நாவல் என்று போட்டுவிடலாம். திருச்சபை அந்தக் குருவைத் தண்டித்தது. மக்கள் தெக்லாவை விடவில்லை. 384-இல் எகேரியா என்ற திருப்பயணி, இன்றைய துருக்கியிலுள்ள செலூக்கியாவில் தெக்லாவின் திருத்தலத்துக்குச் சென்று, அங்கே அவளுடைய கதை முழுவதையும் வாசித்ததாகத் தன் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறாள்.

நம் நாட்டோடு தொடர்புடைய தோமாவின் பணிகளும் ஏறத்தாழ அதே காலத்துப் படைப்புதான். 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாக் மொழியில் எழுதப்பட்டது என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. தோமா தச்சராக ஒரு வணிகனுக்கு விற்கப்பட்டு இந்திய அரசன் குந்தபோரிடம் வந்து சேர்கிறார். அப்படி ஓர் அரசன் இருந்தான் என்பதற்கு நெடுங்காலம் வேறு சான்றே இல்லை. முழுக் கட்டுக்கதை என்றுதான் கருதினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பகுதிகளில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. வரலாறு தொலைத்துவிட்ட ஓர் அரசனின் பெயரை ஒரு கதை பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. கதையில் வரும் அற்புதங்கள் எல்லாம் நடந்தவை என்று இதனால் ஆகிவிடாது. எழுதியவர் கேட்டறிந்ததை மதித்தவர் என்பது மட்டும் தெரிகிறது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கலை புதிதன்று. சூசையப்பர் நற்செய்திகளில் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. கனவு காண்கிறார், எழுந்திருக்கிறார், சொன்னபடி செய்கிறார், அவ்வளவுதான். அப்படி வாய் திறக்காத ஒருவரைப் பாட்டுடைத் தலைவராக்கி, மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல்களில் தேம்பாவணியைச் செய்தார் வீரமாமுனிவர். அதில் என்னை விடாமல் பிடித்துவைத்திருக்கும் இடம் சூசையப்பரைப் பற்றியதுகூட இல்லை. பள்ளியில் நம் பிள்ளைகள் படிக்கும் பகுதிதான். திருமுழுக்கு யோவான் அங்கே கருணையன். தாய் எலிசபெத்து காட்டில் இறந்துபோகிறாள். பையன் தனியாக நின்று அவளை அடக்கம் செய்கிறான். மலர்களை மேலே பரப்பி, மண்ணுக்குள் வைத்துவிட்டு, இனி எனக்கு வழி காட்டுவது யார் என்று புலம்புகிறான். சுற்றியுள்ள மரத்து மலர்களும் சுனைப் பறவைகளும் வண்டுகளும் அவனோடு சேர்ந்து அழுகின்றன.

லூக்கா இதை எழுதவில்லை. பிள்ளை வளர்ந்தான், வனாந்தரத்தில் இருந்தான் என்ற ஒரே வரியோடு நகர்ந்துவிடுகிறார். வயதான காலத்தில் பெற்றவள் அந்தத் தாய். மகன் காட்டிலிருந்து வெளிப்பட்டபோது அவள் எங்கே? எந்த வாசகருக்கும் எழ வேண்டிய கேள்வி அது. அந்த இடைவெளிக்குள் வீரமாமுனிவர் நம் நிலத்தின் கையறுநிலையைக் கொண்டுபோய் வைத்தார். லூக்காவின் வரி ஒன்றும் அதனால் பொய்யாகவில்லை. கருணையன் காட்டுப் பிள்ளையாகவே இருக்கிறான்; தாய்க்கு அரண்மனையும் இல்லை, ஊர்வலமும் இல்லை. நான் சொல்லும் கட்டுப்பாட்டுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஐரோப்பிய, அமெரிக்க நாவல்களுக்கு வருவோம். கர்தினால் வைஸ்மனின் ஃபபியோலா 1854-இல் வந்தது. லூ வாலஸின் பென்ஹர் 1880. நம் ஊர்களில் திரைப்படமாகப் பார்த்தவர்கள் அதிகம். போலந்து எழுத்தாளர் சியன்கியேவிச்சின் குவோ வாடிஸ் 1896-இல் நூலாக வந்தது. லாயிட் டக்ளஸின் தி ரோப் 1942. உழைத்து எழுதப்பட்ட நூல்கள்; கோடிக்கணக்கானோர் மனத்தில் உரோமை நகரத்தையும் நிலவறைக் கல்லறைகளையும் கட்டி எழுப்பியவை. நான் அவற்றை நன்றியோடுதான் படித்தேன். ஆனாலும் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவற்றின் நடுவில் நிற்பவர் யார் என்று பாருங்கள். குவோ வாடிஸின் வினிசியஸ் உயர்குடிப் படைத்தலைவன். அவன் காதலிக்கும் லிகியா, பணயமாக வந்த அரசகுமாரி. தி ரோப் நாவலின் மார்செலஸ் செனட்டர் மகன். பென்ஹர் எருசலேமின் இளவரசன். ஃபபியோலாவில் சிரா என்ற அடிமைப் பெண் அருமையான பாத்திரம். அவளும் கடைசியில் நல்ல குடும்பத்தில் பிறந்து விதிவசத்தால் அடிமையானவளாகத்தான் வெளிப்படுகிறாள். பிறவி அடிமை ஒருத்தி அந்தச் சிறப்புக்கு உரியவளாக இருக்கக் கூடாதா?

ஏடுகள் காட்டும் திருச்சபை அப்படி இல்லை. உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் 16-ஆம் அதிகாரத்தை நாம் ஆலயத்தில் வேகமாக வாசித்துத் தாண்டிவிடுகிறோம். வெறும் பெயர்ப் பட்டியல் என்று நினைப்பு. 20-க்கும் மேற்பட்டவர்களுக்கு அங்கே வாழ்த்துச் சொல்லப்படுகிறது. உரோமைக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டவர்கள், அந்தப் பெயர்களில் பல அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் சூடியவை என்கிறார்கள். திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் ஆகிய மூன்று பெண்களைப் பற்றிச் சொல்லப்படுவது ஒன்றே ஒன்று: பாடுபட்டு உழைத்தார்கள். ரூப்புவின் தாயை, எனக்கும் தாய் என்கிறார் பவுல். எந்த ஊரில், எந்த நோயில், எந்தப் பசியில் அந்தத் தாய் அவருக்குச் சோறு போட்டாள் என்று தெரியாது. அதை எழுதுவதற்கு ஒரு நாவலாசிரியருக்கு இளவரசர்கள் தேவையில்லை.

அந்த அதிகாரத்தின் முதல் ஆள் பெபேயாள். கொரிந்துவின் கிழக்குத் துறைமுகமான கெங்கிரேயாவைச் சேர்ந்தவள். பவுல் உள்பட பலருக்கு ஆதரவாக இருந்தவள். கடிதத்தை உரோமைக்கு எடுத்துப்போனவள் அவளே என்பது பெரும்பாலான உரையாசிரியர்களின் கருத்து. சூழலைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஏறத்தாழ 57-ஆம் ஆண்டு. பவுல் மூன்று மாதம் கிரேக்க நாட்டில் தங்கியிருக்கிறார். குளிர்காலத்தில் கடல் மூடியிருக்கும். மார்ச்சு வரை பெருங்கப்பல்கள் கிளம்பா. காயு என்பவரின் வீட்டில் பவுல் சொல்லச் சொல்ல, தெர்தியு என்பவர் நாணல் பேனாவைப் புகைக்கரி மையில் தோய்த்துப் பப்பிரசில் எழுதுகிறார். 7,000-க்கும் மேற்பட்ட கிரேக்கச் சொற்கள். ஒரே மூச்சில் முடிகிற வேலையில்லை. முடிவில் தெர்தியு தம் சார்பிலும் ஒரு வாழ்த்தைச் சேர்த்துவிடுகிறார். எழுதிக் கொடுக்கிறவர் பேசும் அபூர்வமான இடம் அது; பவுல் அதை அனுமதித்தார் என்பதும் கவனிக்கத்தக்கது.

கெங்கிரேயா ஆசியாவை நோக்கியது. இத்தாலிக்குப் போக வேண்டுமானால், பெபேயாள் அந்தக் குறுகிய நிலத்தைக் கடந்து மேற்குத் துறைமுகமான லெக்கேயத்தில் கப்பலேறியிருக்கக்கூடும். உரோமையில் அவள் எத்தனை வீடுகளில் அந்தச் சுருளை விரித்தாள்? பவுல் சொன்னது புரியவில்லை என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் யார்? பவுல் அங்கே இல்லை. கடிதம் கொண்டுவந்தவள்தான் இருக்கிறாள். கிறித்தவ இறையியலின் ஆகப் பெரிய கடிதத்துக்கு முதலில் விளக்கம் சொன்ன குரல் ஒரு பெண்ணின் குரலாக இருந்திருக்கலாம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

பவுலா கூடர் என்ற ஆங்கிலேய விவிலிய அறிஞர், 2018-இல் பெபேயாளைப் பற்றி ஒரு கதை எழுதினார். கதை முடிந்தபின் நீண்ட குறிப்புகள் வருகின்றன. எதற்குச் சான்று உண்டு, எது தம் ஊகம் என்று வாசகருக்குத் திறந்து காட்டுகிறார். ஆசியா மாகாணத்துக் குரு செய்யத் தவறியதை அவர் செய்திருக்கிறார். நாவல் என்ற அளவில் சில இடங்களில் பாடம் நடத்துவதுபோல ஆகிவிடுகிறது என்பது உண்மை. அந்த நேர்மைக்காக அதை நான் பொறுத்துக்கொள்வேன்.

அடிமைகளைப் பற்றிச் சொன்னேன். சுவீடன் எழுத்தாளர் பேர் லாகர்குவிஸ்ட் 1950-இல் பரபாஸ் என்ற சிறிய நாவலை எழுதினார். அடுத்த ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இயேசுவுக்குப் பதிலாக விடுதலையான கைதி, பின்னாளில் செப்புச் சுரங்கத்தில் அடிமையாகிறான். சாகாக் என்ற இன்னொருவனோடு ஒரே சங்கிலியில் பிணைக்கப்படுகிறான். சாகாக்கின் கழுத்தில் தொங்கும் அடிமைத் தகட்டின் பின்புறத்தில் கிறித்துவின் பெயர் கீறப்பட்டிருக்கிறது. பரபாசும் தன் தகட்டில் அதைப் பொறித்துக்கொள்கிறான். விசாரணையில் சாகாக் மறுக்கவில்லை, சிலுவையில் சாகிறான். பரபாசுக்கு நம்பிக்கை வரவில்லை, வர வேண்டும் என்ற ஆசை மட்டும் இருக்கிறது. ஆளுநர் கத்தியெடுத்து அவன் தகட்டிலுள்ள பெயரின் குறுக்கே கோடு கிழிக்கிறார். அந்த ஒரு கீறல் பக்கம் பக்கமான உபதேசத்தைவிட ஆழமாக இறங்குகிறது.

கழுத்துத் தகடு லாகர்குவிஸ்டின் கற்பனையில் மட்டும் இருந்ததன்று. தப்பியோடும் அடிமைகளின் கழுத்தில் மாட்டிய உலோக வளையங்கள் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை கான்ஸ்டன்டைன் காலத்துக்குப் பிற்பட்டவை. சார்தீனியத் தீவில் கிடைத்த ஒன்றில், இவன் பெலிக்ஸ் என்பவரின் அடிமை, ஓடிவிடாதபடி பிடித்துவை என்ற பொருளில் எழுதியிருக்கிறது. அந்த பெலிக்ஸ் திருச்சபையின் தலைமைத் திருத்தொண்டர். அதைக் கழுத்தில் சுமந்தவனின் பெயர் அதில் இல்லை.

விசுவாசியாக இருந்துகொண்டு இதைச் சொல்வது எனக்கு எளிதன்று. ஆனால் இதை மறைத்துவிட்டுத் தொடக்கத் திருச்சபையைப் பற்றி நாவல் எழுதுகிறவரை நான் நம்பமாட்டேன். பிலேமோனுக்கு எழுதிய கடிதம் 25 வசனம்தான். அடிமை ஒநேசிமுவைச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்று பவுல் கேட்கிறார். பிலேமோன் ஏற்றாரா? நமக்குச் சொல்லப்படவில்லை. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியாவின் இஞ்ஞாசியார் எழுதிய கடிதத்தில், எபேசுவின் ஆயராக ஓர் ஒநேசிமு வருகிறார். அவர்தான் இவர் என்று முடித்துவிடக் கதைக்காரர்களுக்கு ஆசை. இருக்கலாம். ஆனால் அடிமைகளுக்கு மிகச் சாதாரணமாக இட்ட பெயர் அது. நல்ல நாவல், ஒநேசிமு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எசமானின் வாசலில் நிற்கும் அந்த நேரத்தை அவசரப்படாமல் எழுதும். தன்னைப் பற்றி எழுதிய கடிதத்தைத் தானே சுமந்துவந்தவன். சட்டப்படி அந்த எசமான் அவனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

இன்னும் இருட்டான ஓர் ஏடு இருக்கிறது. 112-ஆம் ஆண்டை ஒட்டி, பித்தினியா–பொந்து மாகாண ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதுகிறார். கிறித்தவர்கள் குறித்த நாளில் விடியும் முன் கூடுகிறார்கள். கிறித்துவைத் தெய்வமாகக் கொண்டு மாறி மாறிப் பாடுகிறார்கள். திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், நம்பி வைத்த பொருளை மறுக்கமாட்டோம் என்று உறுதி எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு மறுபடி கூடி, சாதாரண உணவைச் சாப்பிடுகிறார்கள். இதன் உண்மையை அறிய இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தேன் என்கிறார். அடிமையின் சாட்சியத்தை வதைத்துத்தான் பெறுவது உரோமை வழக்கம். அந்தச் சபை அவர்களைத் தன் பணியாளர்களாக, திருத்தொண்டர்களாக வைத்திருந்தது என்பதையும் ஆளுநரே பதிவுசெய்கிறார். ஒரு மட்டுமீறிய மூடநம்பிக்கையைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லையாம். பெயர் இல்லை. வயது இல்லை. பிழைத்தார்களா என்பது இல்லை.

கடிதத்தின் கடைசியில், பலியிட்ட இறைச்சியை வாங்க ஆளில்லாமல் இருந்த நிலை மாறி, இப்போது மறுபடி விற்பனையாகிறது என்ற செய்தியும் வருகிறது. எனக்கு அங்கேதான் நாவல் தெரிகிறது. இறைச்சி விற்காத சந்தை, நட்டப்பட்ட வியாபாரிகள், பெயர் போடாமல் எழுதிய புகார்ப் பட்டியல், அதிலிருந்து பிடித்துவரப்பட்ட கூட்டம், அதில் இந்த இரண்டு பெண்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் யார்? ஒருத்தி முதலில் விசாரிக்கப்பட்டபோது மற்றவள் சுவருக்கு இந்தப்புறம் இருந்தாளா? எழுதுகிறவர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு. அவர்கள் வாயில் நீண்ட வசனத்தை வைக்காதீர்கள். பிளினி எதிர்பார்த்தது சதித்திட்டம். அவருக்குக் கிடைத்தது பாட்டும் சாப்பாடும். வலியிலும் அதற்குமேல் சொல்ல அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை. அவர்களுடைய மேன்மை முழுவதும் அந்த வெறுங்கையில் இருக்கிறது.

177-இல் லியோனில் வதைபட்டு இறந்த அடிமைப் பெண் பிளாந்தினாவைப் பற்றி, திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியு காப்பாற்றித் தந்த கடிதம் நீளமானது. நேரம் கருதி ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவளுடைய எசமானியும் கைதாகியிருந்தாள். உடல் மெலிந்த இந்தப் பெண் தாங்கமாட்டாளே என்று எசமானி பயந்தாள். வதைப்பவர்கள் காலை முதல் மாலை வரை முறைவைத்துக் களைத்துப்போனார்கள்; பிளாந்தினா களைக்கவில்லை. பெயர் தெரியாத அந்த எசமானியின் கண் வழியாக இதை எழுதினால் அது வேறொரு கதையாகும்.

கடைசியாக, 203 மார்ச் 7-இல் கார்த்தேஜில் கொல்லப்பட்ட இரண்டு பெண்கள். பெர்பெத்துவா என்ற 22 வயதுத் தாய் சிறையில் தன் கையால் எழுதிய குறிப்புகள் நம்மிடம் இருக்கின்றன, பலரும் அறிந்தவை. அவளோடு சிறையிலிருந்த அடிமைப் பெண் பெலிசித்தா எட்டு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணிகளைக் கொல்லச் சட்டம் இடம் தராது. தோழர்களைப் பிரிந்து பிறகு தனியே சாக நேருமே என்பதுதான் அவள் கவலை. சிறையிலேயே பிரசவமானது. பெண் குழந்தை. ஒரு சகோதரி அதைத் தன் மகளாக வளர்த்தாள் என்று ஏடு சொல்கிறது. அதற்குமேல் அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அடிமைத் தாயின் பிள்ளை சட்டப்படி எசமானுக்குச் சொந்தம். அப்படியிருக்க ஒரு சகோதரி அதை மகளாக வளர்த்தது எப்படி? விலை கொடுத்தார்களா? எசமானும் அதே சபையைச் சேர்ந்தவரா? அந்தக் குழந்தை உயிரோடு இருந்திருந்தால், 250-இல் அவளுக்கு 47 வயது. அந்த ஆண்டுதான் பேரரசர் டேசியஸின் ஆணை நடைமுறைக்கு வந்தது. எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, பலியிறைச்சியைச் சுவைத்து, அதிகாரிகளிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். எகிப்தின் மணலிலிருந்து அப்படிப்பட்ட பப்பிரசுச் சான்றிதழ்கள் கிடைத்திருக்கின்றன. கார்த்தேஜில் கிறித்தவர்கள் பெருங்கூட்டமாகப் பொதுமன்றத்துக்கு ஓடினார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோது, இன்றே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார்கள். அவர்களுடைய ஆயர் சிப்பிரியான் மனம் நொந்து எழுதிவைத்த செய்தி இது.

அந்த ஊரில் பெலிசித்தாவின் மகளும் இருந்திருக்கக்கூடும். ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சு மாதம், தன் தாயின் சாவைச் சபையில் வாசிக்கக் கேட்டு வளர்ந்தவள். அவள் முகத்தில் தாயின் சாயல் உண்டா என்று சுற்றியிருந்தவர்கள் தேடியிருப்பார்கள். அவளுக்கும் இப்போது பிள்ளைகள் இருக்கலாம். பொதுமன்றத்து வரிசையில் அவள் நின்றாளா, நிற்கவில்லையா? நின்றிருந்தால், மறு ஆண்டு மார்ச்சில் எந்த முகத்தோடு ஆலயத்துக்கு வந்தாள்? அவளை ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்று முடிவுசெய்த பெரியவர்களுக்கு, அவள் யார் மகள் என்பது உதவியதா, அல்லது அதுவே அவளுக்கு எதிரான குற்றச்சாட்டாக ஆனதா?